ஹாலோவீன் பானமும் நமது கிராம்பு மூட்டையும்

ஐப்பசி பிறந்துவிட்டால் நமக்குத் தீபாவளிச் சரக்கைத் தவிர வேறு நினைவு இராது. அதே நாட்களில் அமெரிக்காவில் வேறொரு விழாவுக்காகப் பட்டையும் கிராம்பும் ஜாதிக்காயும் விறுவிறுப்பாக விற்பனையாகின்றன. அக்டோபர் 31ந் தேதி வரும் ஹாலோவீன்தான் அந்த விழா. 2022ல் தீபாவளி அக்டோபர் 24ல் வந்தது. மறுநாளே கீழமாசி வீதிக் கடையை இளைய மகனிடம் ஒப்படைத்துவிட்டு, நியூ ஜெர்சியில் இருக்கும் மூத்த மகன் வீட்டுக்கு நாம் புறப்பட்டோம். அங்கே கண்டதையும், நமக்கு நேர்ந்த ஒரு தலைகுனிவையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

விழாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும்போது கொண்டாடிய பழைய பண்டிகை இது. நவம்பர் 1ந் தேதி கிறிஸ்தவர்கள் சகல புனிதர்களின் திருநாளைக் கொண்டாடுவதால் அதன் முந்திய இரவு என்று பெயர் வந்தது. அயர்லாந்துக்காரர்கள் குடியேறியபோது இது அமெரிக்காவுக்குப் போயிற்று. சொந்த ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அங்கே போனபின் பரங்கிக்காயைக் குடைந்தார்கள். பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். பிறகு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பெரிய பாத்திரத்தில் 'பஞ்ச்' என்னும் பானம் இருக்கும்.

இந்தப் பானத்துக்கும் நமக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலாச் சரக்கு ஆகிய ஐந்தும் சேர்வதால் 'பஞ்ச' என்ற சொல்லிலிருந்து பெயர் வந்தது என்று பலர் சொல்வார்கள். அதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. ஆனால் 1632லேயே இந்தியாவிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஒருவரின் கடிதத்தில் இந்தப் பெயர் வந்துவிட்டது. சரக்கு வாங்க வந்தவர்கள் பானத்தையும் கட்டிக்கொண்டு போனார்கள். ஹாலோவீன் கூட்டத்தில் பிள்ளைகள் இருப்பதால் வீடுகளில் சாராயம் சேர்ப்பதில்லை. வேண்டிய பெரியவர்கள் தம் கோப்பையில் தனியாக ரம் ஊற்றிக்கொள்கிறார்கள். அந்தப் பக்கம் நாம் போகவில்லை.

மூலப்பொருள் ஆப்பிள் சைடர். இங்கே கடைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் சைடர் என்றால் பிழிந்து வடிகட்டாத, கலங்கலான, புளிக்காத ஆப்பிள் சாறு. இங்கிலாந்தில் அதே பெயரைச் சொன்னால் போதை தரும் பானம். நம் கடைகளில் அந்தப் பெயரில் இருப்பது ஆப்பிள் சைடர் வினிகர், அதாவது காடி. சென்னையிலும் பெங்களூரிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஹாலோவீன் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது 'ஆப்பிள் சைடர்' என்று சீட்டு எழுதி அனுப்பினால், என்னத்துக்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்துக் கொடுங்கள். பானத்துக்கு என்றால் சர்க்கரை சேர்க்காத ஆப்பிள் சாறு போதும். காடியை ஊற்றிக் காய்ச்சினால் அன்றைய விருந்து அதோடு முடிந்தது.

சாறு வாங்கும்போது மருமகள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். காரணம் கேட்டோம். 1996 அக்டோபரில் சூடுபடுத்திக் கிருமி நீக்காத ஆப்பிள் சாற்றில் ஈ.கோலை கிருமி இருந்து அறுபதுக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். ஒரு குழந்தை இறந்தும் போயிற்று. அதன்பின் அப்படிப்பட்ட சாற்றில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. தோட்டத்து வாசலில் விற்கும் பச்சைச் சாறு ருசிதான், ஆனால் பிள்ளைகள் குடிப்பதற்குப் பாஸ்ச்சுரைஸ் செய்ததே வாங்க வேண்டும் என்றாள். சரியான பேச்சு.

இனிச் செய்முறை. இருபது பேருக்கு ஒரு காலன், அதாவது 3.78 லிட்டர் சைடர். அதனுடன் ஒரு லிட்டர் ஆரஞ்சுச் சாறு, அரை லிட்டர் கிரான்பெரிச் சாறு. கிரான்பெரி என்பது சிவந்த, புளிப்பான சிறு பழம். அறுவடைக்குத் தோட்டத்தில் தண்ணீரைக் கட்டி மிதக்கவிட்டு அள்ளுகிறார்கள். நியூ ஜெர்சியிலேயே விளைகிறது. பட்டைக் குச்சி ஆறு, கிராம்பு இருபது, ஜாதிக்காய் பாதி, இரண்டு அங்குல இஞ்சி, அரைக் கோப்பை பழுப்புச் சர்க்கரை, மிளகு போலவே தோன்றும் ஆல்ஸ்பைஸ் பத்து. கிராம்பை இரண்டு ஆரஞ்சுப் பழங்களின் தோலில் ஆணி அடித்தது போலக் குத்தி முழுதாக மிதக்கவிடுகிறார்கள். மற்ற மசாலா எல்லாம் மல்துணியில் முடிச்சாக உள்ளே போகிறது. கொதிக்க விடக்கூடாது, ஓரத்தில் ஆவி எழும் அளவு சூட்டில் அரை மணி நேரம். அதற்குமேல் கிராம்பு கிடந்தால் கசப்பு இறங்கிவிடும், எடுத்துவிட வேண்டும். தூள் போடவே கூடாது. பட்டைத் தூள் சூட்டில் கொழகொழத்துப் பானம் கலங்கிவிடுகிறது. ஆகவே அங்கே இந்த மாதத்தில் முழுச் சரக்குக்குத்தான் கிராக்கி. நாலைந்து குச்சியும் ஒரு பிடி கிராம்பும் போட்ட சிறு பெட்டி ஏழு டாலர் என்று பார்த்தபோது நமக்கு மூச்சே நின்றது.

அதனாலேயே நாம் பெருமையாகச் சொன்னோம், "கடைச் சரக்கு எதற்கம்மா? நமது மூட்டையிலிருந்தே கொண்டு வந்திருக்கிறோம்" என்று. புறப்படுவதற்கு முன் பிரித்த புது மூட்டையில் கால் கிலோ அள்ளிப் பையில் வைத்திருந்தோம். இருபது கிராம்பையும் நமது கையாலேயே குத்தினோம்.

அரை மணி ஆயிற்று. பட்டை மணந்தது, இஞ்சி மணந்தது. மருமகள் கரண்டியில் எடுத்து ருசி பார்த்துவிட்டு, "மாமா, கிராம்பு போட்டீங்களா?" என்று கேட்டாள். கண் முன்னே இருபது கிராம்பு மிதக்கிறது! வீட்டுக்குள் மகனின் அலுவலக நண்பர்கள் எட்டுப் பேர். என் அப்பா மதுரையில் மசாலா மொத்த வியாபாரி என்று அவன் அப்போதுதான் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். மருமகள் ஒன்றும் பேசாமல் அலமாரியிலிருந்த கடைப் புட்டியைத் திறந்து பத்துக் கிராம்பு போட்டாள். கால் மணியில் வீடு முழுக்க வாசனை.

விருந்தாளிகள் போனபின் இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்தோம். ஒன்றில் புட்டிக் கிராம்பு. கீழே இறங்கி நின்றது. மற்றதில் நமது கிராம்பு. அத்தனையும் மேலே படுத்து மிதந்தது. நகத்தால் அழுத்தினால் நல்ல கிராம்பில் எண்ணெய் கசியும். நமது சரக்கில் தூசிதான் உதிர்ந்தது. காய்ச்சி எண்ணெய் எடுத்த சக்கையை உலர்த்தி மூட்டை கட்டியிருக்கிறார்கள். நாற்பது வருஷம் இந்தச் சரக்கை அளந்த நாம், தீபாவளி அவசரத்தில் மேல்வாயை மட்டும் பார்த்து வாங்கினோம். தரகர் வழக்கமான மனிதர், விலையும் கிலோவுக்கு முப்பது ரூபாய் இறக்கம். அந்த இறக்கமே நமக்கு மணி அடித்திருக்க வேண்டும்.

அந்த இரவே, மதுரையில் காலை எட்டு மணிக்கு, இளைய மகனுக்குப் போன் செய்தோம். ஐம்பது கிலோ மூட்டையில் முப்பத்தொரு கிலோ பதினோரு சில்லரைக் கடைகளுக்குப் போயிருந்தது. சிட்டையைப் பார்த்து ஒவ்வொரு கடைக்கும் ஆள் அனுப்பச் சொன்னோம். "அப்பா, யாரும் புகார் சொல்லவில்லையே, நாமே ஏன் போய்ச் சொல்ல வேண்டும்?" என்றான். போகத்தான் வேண்டும் என்றோம். மீதமிருந்ததைத் திரும்ப எடுத்து, விற்றுப்போனதற்கும் சேர்த்துப் பணம் வரவு வைத்தோம். தரகர், "நானும் மூட்டையைப் பிரிக்காமல்தான் வாங்கினேன்" என்று கையை விரித்துவிட்டார். நாற்பதாயிரத்துக்குக் குறையாத நட்டம் நமது பேரேட்டில் நின்றது. இப்போது கிராம்பு மூட்டை எதுவானாலும் மேல், நடு, அடி மூன்று இடத்தில் குத்தி எடுத்துத் தம்ளரில் போட்டுப் பார்க்காமல் எடை போடுவதில்லை. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தச் சரக்கு கிடைக்கும்போது விலை கூடினாலும் அதையே கேட்டு வாங்குகிறோம்.

பட்டை விஷயமும் ஒன்று உண்டு. அமெரிக்கக் கடையில் 'சினமன்' என்று விற்பது பெரும்பாலும் நமது கடைத் தடிப்பட்டையின் இனமான காசியாதான். இலங்கைச் சுருள் பட்டை மெல்லியது, பல அடுக்குச் சுருட்டு. கூமரின் என்னும் பொருள் அதில் மிகக் குறைவு. பானத்துக்குக் காசியாவே காரமாக இருக்கிறது என்கிறாள் மருமகள். எதை விற்றாலும் பெயரைச் சொல்லி விற்க வேண்டும்.

பிள்ளைகளுக்குத் தனியாகக் குளிர்ந்த பானம் செய்தார்கள். அதே சாறுகளைக் காய்ச்சாமல் கலந்து, பரிமாறும்போது இஞ்சி சோடா ஊற்றுவது. மாவு தடவாத ரப்பர் கையுறையைக் கழுவி, அதில் கிரான்பெரிச் சாற்றை நிரப்பி உறையவைத்து, உறையை உரித்து மிதக்கவிட்டால் சிவந்த பேய்க்கை! பேரன் அதைக் கண்டு கூத்தாடினான்.

புகை வரவேண்டும் என்று சிலர் உலர் பனிக்கட்டி போடுகிறார்கள். அது மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த கரியமிலவாயு. வாயில் போனால் வெந்துவிடும். 2024 மார்ச்சில் டெல்லியை அடுத்த குருகிராமில் ஓர் உணவகத்தில் வாய்மணப் பொருள் என்று இதைத் தின்ற ஐந்து பேர் இரத்த வாந்தி எடுத்தார்கள். பெரிய பாத்திரத்துக்குள் சிறு பாத்திரம் வைத்து, பானம் சிறியதிலும் அந்தக் கட்டி வெளிச்சுற்றிலும் இருந்தால் புகையும் வரும், கட்டி பானத்திலும் சேராது. யாராவது விருந்துக்கு வாங்கித் தரச் சொன்னால் இதைச் சொல்லிக் கொடுங்கள். மூடி இறுக்கிய டப்பாவில் மட்டும் அடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், வெடிக்கும்.

2023 அக்டோபரில் மருமகள் போன் செய்து, கிராம்பு கால் கிலோ அனுப்பச் சொன்னாள். தம்ளரில் போட்டுப் பார்த்துவிட்டே அனுப்பினோம்.