பெற்றோர் யாரை அழைப்பார்கள்?

டென்மார்க்கின் இரண்டாவது பெரிய நகரம் ஆர்ஹுஸ். மூன்று லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் அந்த ஊரிலிருந்து 2013-இல் சுமார் 30 இளைஞர்கள் சிரியப் போருக்குப் புறப்பட்டுப் போனார்கள். பாஸ்போர்ட்டைப் பறிக்க வேண்டும், திரும்பி வந்தால் சிறையில் அடைக்க வேண்டும் என்று ஐரோப்பா முழுவதும் குரல்கள் எழுந்த நேரம் அது. ஆர்ஹுஸ் நகராட்சியும் போலீசும் வேறு முடிவெடுத்தன. குற்றம் செய்ததற்கு ஆதாரம் இருந்தால் வழக்கு. இல்லையென்றால் படிப்பு, வேலை, வீடு, மனநல ஆலோசனை என்று எல்லாவற்றுக்கும் உதவி. அந்த இளைஞர்கள் பலர் தொழுகைக்குச் சென்றுவந்த மசூதியை மூடச் சொல்லி நெருக்கடி வந்தபோதும் மூடவில்லை. அதன் நிர்வாகிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். மறு ஆண்டு அந்த ஊரிலிருந்து சிரியாவுக்குப் போனதாகத் தெரியவந்தவர் ஒரே ஒருவர்.

இது திடீரென்று முளைத்த யோசனை அல்ல. தடம் மாறும் சிறுவர்களைப் பற்றிப் பள்ளி, சமூகநலத் துறை, போலீஸ் மூன்றும் ஒன்றாகக் கூடிப் பேசும் பழக்கம் டென்மார்க்கில் 1970-களிலிருந்தே உண்டு. 2007-இல் ஆர்ஹுஸ் அதே ஏற்பாட்டுக்குள் தீவிரவாதத்தையும் கொண்டுவந்தது. இஸ்லாமியவாதம், நவநாஜிக் கும்பல் இரண்டுக்கும் ஒரே அணுகுமுறைதான். கவலைப்படும் தாயோ ஆசிரியரோ அழைத்துச் சொல்லலாம். பையன் தாடி வளர்ப்பது வெறும் இறைநம்பிக்கையா, வன்முறையின் வாசலில் நிற்கிறானா என்று முதலில் நிதானமாகப் பிரித்துப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஒரு வழிகாட்டியை அவனோடு இணைப்பார்கள். அந்த வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தந்தவர் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் பிரெபென் பெர்டெல்சன். கொள்கையை வாதாடி முறியடிப்பதைவிட, வாழ்க்கையைச் சமாளிக்கும் திறனை வளர்ப்பதே முக்கியம் என்பது அவர் கருத்து.

அங்கே நடந்த ஒரு சம்பவம் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. மதம் பற்றிய வகுப்பறைச் சண்டை ஒன்றால் ஒரு மாணவன் மேல் சந்தேகம் விழுந்தது. போலீஸ் வீட்டைச் சோதனை போட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் அவனுடைய தேர்வு தவறிப்போனது. அவமானமும் ஆத்திரமுமாக அவன் தீவிரப் போக்குள்ள நண்பர்களோடு சேர்ந்தான். பிறகு ஒருநாள் ஒரு போலீஸ் அதிகாரி அவனைக் காபிக்கு அழைத்து, நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தார். அங்கிருந்துதான் அவன் திரும்பி நடக்கத் தொடங்கினான். தீவிரவாதத்தைத் தடுக்கப் போய், அதற்கான காரணத்தை அரசே உண்டாக்கிவிடும் ஆபத்து எவ்வளவு நிஜமானது என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

பிரான்ஸ் இதற்கு நேரெதிரான பாதையை முயன்று பார்த்தது. 2016-இல் போந்தூர்னி என்ற இடத்தில், கிராமப்புற மாளிகை ஒன்றில் மனமாற்ற மையம் திறந்தது. 25 பேருக்கு இடம். விருப்பப்பட்டு வந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். அவர்களில் ஒருவர்கூடப் பயிற்சியை முடிக்கவில்லை. 2017-இலேயே மூடிவிட்டார்கள். வீடு, உறவு, வேலை என்று ஒருவர் வாழ வேண்டிய உலகத்திலிருந்து அவரைப் பிரித்து வைத்துவிட்டு அதே உலகத்தோடு ஒட்டவைப்பது எப்படி?

சிங்கப்பூரின் வழி இன்னொரு மாதிரி. 2001-இல் ஜெமா இஸ்லாமியா அமைப்பின் குண்டுவெடிப்புத் திட்டம் அம்பலமானது. 2003-இல் இஸ்லாமிய அறிஞர்கள் சிலர் தன்னார்வக் குழு அமைத்து, கைதானவர்களிடம் மார்க்கத்தின் பெயரால் சொல்லப்பட்ட பொய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார்கள். கைதானவர்களின் குடும்பங்களுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வேறொரு குழு துணை நின்றது. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடித்தளம் என்பதையும் மறக்கக்கூடாது. மனித உரிமை அமைப்புகள் அதைத் தொடர்ந்து கண்டிக்கின்றன. அதே சட்டத்தின் கீழ் 2020 டிசம்பரில் அங்கே பிடிபட்டவன் 16 வயதுப் பையன். இந்திய வம்சாவளி, புராட்டஸ்டன்ட் கிறித்தவன். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவனைப் பார்த்து, தானும் இரண்டு மசூதிகளைத் தாக்கத் திட்டமிட்டிருந்தான். காவலில் இருந்தபடியே படிப்பும் ஆலோசனையும் தொடர்ந்தன. 2024 ஜனவரியில் விடுதலையானான்.

பிரிட்டனின் அனுபவம்தான் இருப்பதிலேயே நீண்டது, சர்ச்சைகள் நிறைந்தது. 2005 ஜூலை 7-இல் லண்டன் ரயில்களிலும் பேருந்திலும் குண்டு வைத்து 52 பேரைக் கொன்ற நால்வரில் மூவர் பிரிட்டனிலேயே பிறந்தவர்கள். அதன்பிறகு, 'பிரிவென்ட்' என்ற தடுப்புத் திட்டம் வேகம் பெற்றது. 2015-இல் வந்த சட்டம் பள்ளி, மருத்துவமனை, நகராட்சி எல்லாவற்றுக்கும் தீவிரவாதத்தைத் தடுக்கும் கடமையை விதித்தது. ஆசிரியரே உளவாளியாகிவிடுவார் என்ற அச்சம் முஸ்லிம் குடும்பங்களில் பரவியது. அந்த அச்சத்துக்கு ஏற்கெனவே காரணம் இருந்தது. 2010-இல் பர்மிங்காமில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் பகுதிகளைச் சுற்றி இருநூறுக்கும் மேற்பட்ட கேமராக்கள் பொருத்தப்பட்டன. சில ஒளித்து வைக்கப்பட்டவை. பணம் பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் மக்கள் கொதித்தார்கள். போலீஸ் மன்னிப்புக் கேட்டது, கேமராக்கள் கழற்றப்பட்டன.

சந்தேகம் கூடுவது ஒரு சிக்கல் என்றால், கண்முன் நிற்பவனைக் கைவிடுவது இன்னொன்று. 2024 ஜூலை 29-இல் இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரில் நடன வகுப்புக்குள் புகுந்த 17 வயது இளைஞன் மூன்று சிறுமிகளைக் கத்தியால் குத்திக் கொன்றான். 2019-க்கும் 2021-க்கும் இடையில் மூன்று முறை அவனைப் பற்றித் தடுப்புத் திட்டத்துக்குத் தகவல் போயிருந்தது. தெளிவான கொள்கைப் பிடிப்பு ஏதும் இல்லை என்று ஒவ்வொரு முறையும் கோப்பை மூடிவிட்டார்கள்.

இன்றைய நெருக்கடி இங்கேதான் இருக்கிறது. 2025 மார்ச் வரையிலான ஓராண்டில் அத்திட்டத்துக்கு வந்த பரிந்துரைகள் 8,700-க்கும் மேல். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் எந்தக் கொள்கையும் அடையாளம் காணப்படவில்லை. அதிகம் பேர் 11 முதல் 15 வயதுக்குள் இருப்பவர்கள். மதமும் அரசியலும் இல்லாமல், இணையத்தில் கொலைக் காட்சிகளைத் தேடித் தேடிப் பார்த்துத் தனிமையில் ஊறிய பிள்ளைகளும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். இவர்களையும் தடுப்புத் திட்டம் ஏற்க வேண்டும் என்று, அத்திட்டத்தைக் கண்காணிக்க நியமிக்கப்பட்ட டேவிட் ஆண்டர்சன் 2025-இல் பரிந்துரைத்தார். அதற்குப் போலீஸைவிட அதிகமாகத் தேவைப்படுவோர் பள்ளி ஆலோசகர்களும் மனநல மருத்துவர்களும். தன் பிள்ளையின் பெயரைச் சொன்னால் உதவி வருமா, வழக்கு வருமா என்ற கேள்விக்கு ஒரு தாய்க்கு முன்கூட்டியே தெளிவான பதில் கிடைக்க வேண்டும். அந்தப் பதிலைச் சட்டத்திலும் நடைமுறையிலும் எழுதிவைக்கும் பொறுப்பு அரசுகளுடையது.