உப்புமாவும் ஒரு கோப்பு

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு குட்டிப் பையனின் பேச்சைக் கேட்டுக் கேரளமே சிரித்தது. ஆலப்புழை மாவட்டத்தில் அங்கன்வாடிக்குப் போகிற பிள்ளை அவன். அங்கே தருகிற உப்புமா வேண்டாம், ‘பிர்ணாணி’யும் பொரித்த கோழியும் வேண்டும் என்று மழலையில் அவன் கேட்டதை, அம்மா கைப்பேசியில் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டார். அது ஊரெல்லாம் சுற்றி, திருவனந்தபுரத்தில் அமைச்சர் வீணா ஜார்ஜின் கண்ணிலும் பட்டது. பெண்கள், குழந்தைகள் நலத்துறை அவர் வசம் இருந்தது. உணவுப் பட்டியலைத் திருத்துவதாகச் சொன்னார். சொன்னபடியே ஜூன் 3-ஆம் தேதி புதிய பட்டியல் வந்தது. முட்டை பிரியாணியும் புலாவும் அதில் இடம்பிடித்தன. வாரம் இரண்டு நாள் கொடுத்துவந்த பாலும் முட்டையும் மூன்று நாளாயின. சர்க்கரையும் உப்பும் குறைந்தன. பொரித்த கோழி மட்டும் பட்டியலில் ஏறவில்லை.

உப்புமாவைக் கண்டு முகம் சுளிப்பதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் அடுப்படியில் நிற்பவரைக் கேட்டால் வேறு நியாயம் சொல்வார். ரவை சீக்கிரம் வேகும், விலை குறைவு, டப்பாவில் போட்டால் நாள் தாங்கும், ஒற்றை ஆளாகக் கிண்டி இறக்கிவிடலாம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்திலும் உப்புமாவுக்கு நிலையான இடம் கிடைத்தது இதனால்தான். வீட்டில் ஒரு தாய் தட்டை மாற்றி வைக்கலாம். ஆனால் கேரளத்தில் அங்கன்வாடிகள் 33,115. ஒரு பலகாரத்தை மாற்றினால் அத்தனை அடுப்பங்கரைகளுக்கும் புதிய அளவு, புதிய கொள்முதல், புதிய பயிற்சி. ஒரு பிள்ளையின் அடம், தலைமைச் செயலகத்தில் கோப்பாகிவிட்டது.

பிள்ளை வளர்ப்பு வீட்டுச் சங்கதி, அதில் ஊருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. திருவனந்தபுரத்தில் அண்மை ஆண்டுகளில் நடந்த விவாதங்களைப் பார்த்தால் அந்தக் கேள்வி நிற்காது. யார் ஊட்டுவது, யார் தூக்கிக்கொள்வது, யார் தேங்காய் துருவுவது என்று வீடுகளில் தினமும் நடக்கிற இழுபறிகள் ஒவ்வொன்றாக அந்த ஊரில் பொதுப் பேச்சாகியிருக்கின்றன.

2023 செப்டம்பரில் பாளையத்தில் உள்ள மாநகராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு புகைப்படம் வெளியானது. அப்போதைய மேயர் ஆர்யா ராஜேந்திரன், பிறந்து ஏறக்குறைய ஒரு மாதமே ஆன மகளைக் கையில் அணைத்தபடி கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். 2020 டிசம்பரில் 21 வயதில் மேயரானவர் அவர். கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தபோதே அந்த நாற்காலிக்கு வந்தவர். படம் வெளிவந்ததும் பாராட்டு ஒரு பக்கம், வசவு ஒரு பக்கம். இது விளம்பரம் என்றார்கள் சிலர். பேறுகால விடுப்பில் இருக்க வேண்டியதுதானே என்றார்கள் வேறு சிலர். இந்தக் கூச்சலில் ஒரு கேள்வி மட்டும் சரியான இடத்தில் தைத்தது. மேயருக்குத் தனி அறை உண்டு, கதவை மூடிப் பாலூட்டலாம். அதே கட்டிடத்தில் துப்புரவு வேலை செய்கிற பெண் தன் குழந்தையைத் தூக்கி வந்தால் என்ன ஆகும்?

அதற்கு முந்தைய ஆண்டும் இதே ரகளை நடந்தது. அப்போது பத்தனம்திட்டா மாவட்ட ஆட்சியராக இருந்த, திருவனந்தபுரத்துக்காரரான திவ்யா எஸ். ஐயர், அடூரில் ஒரு திரைப்பட விழாவின் நிறைவு நிகழ்ச்சிக்கு மூன்றரை வயது மகனோடு வந்து மேடையில் பேசினார். ஆட்சியருக்கு இது அழகா என்று சமூக ஊடகம் கொதித்தது. மனைவிக்காகப் பேச முன்வந்தவர்களில் கணவரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான கே.எஸ். சபரிநாதனும் ஒருவர். அந்தப் பிள்ளைக்கு அப்பாவும் உண்டு. அவருடைய கூட்டங்களில் பிள்ளை இல்லாதது பற்றி யாரும் கேட்டதில்லை.

அப்பா எங்கே என்று கேட்கவே தேவையில்லாமல் போன இடம் ஒன்று உண்டு. 2018 செப்டம்பரில் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் மூன்று மாதக் குழந்தையோடு ஐ.நா. பொதுச்சபைக்கு வந்தார். அவர் மேடையேறிப் பேசியபோது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தவர் அவருடைய துணைவர் கிளார்க் கேஃபோர்டு. குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஜப்பான் குழுவினர் அந்த அறைக்குள் நுழைந்து திகைத்ததை அவரே ட்விட்டரில் எழுதிச் சிரித்தார்.

வேலை செய்கிற இடத்துக்குக் குழந்தை வருவது தமிழர்களுக்கு ஒன்றும் புதுமை இல்லை. நாற்று நடுகிற வயலோரத்தில் மரக்கிளையில் தூளி கட்டி, பெரிய பிள்ளையைக் காவலுக்கு வைத்துவிட்டு இறங்கிய பெண்கள் பல தலைமுறை. இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்துக்குப் பிள்ளை மடுவம் என்று பெயர். இந்தியாவில் தொழிற்சாலைச் சட்டம் 1948-லும் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லும் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கின. மூணாறு, வால்பாறைத் தேயிலைக் காட்டுப் பெண்களுக்கு எழுபது ஆண்டுக்கு முன்பே காகிதத்தில் கிடைத்த உரிமை, மேசை நாற்காலி போட்ட அலுவலகத்துக்கு வந்து சேர 2017 வரை ஆனது.

2017-ல் திருத்தப்பட்ட பேறுகாலப் பயன் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்கள் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம். ஊதியத்தோடு கூடிய விடுப்பும் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. செலவு முழுக்க நிறுவனத்தின் தலையில். இதில் ஒரு விபரீதமும் இருக்கிறது. ஆணை வேலைக்கு எடுத்தால் இந்தச் செலவு இல்லை என்று கணக்குப் போடுகிற முதலாளிக்குச் சட்டமே காரணம் எடுத்துக் கொடுக்கிறது. கேரள அரசு தன் அலுவலகங்களில் காப்பகம் திறக்கும் திட்டத்தைக் கையில் எடுத்து, திருவனந்தபுரம் பட்டத்தில் உள்ள அரசுப் பணியாளர் தேர்வாணைய அலுவலகத்தில் தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் நகரத்தில் வீட்டு வேலை செய்கிறவர், துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவர், சாலைச் சந்தையில் தட்டு வைத்து விற்கிறவர் எல்லாம் ஐம்பது பேர் கணக்குக்குள் வருவதே இல்லை.

அவர்களுக்குக் காப்பகம் வீட்டிலேயே இருக்கிறது, பெயர் பாட்டி. நாட்டில் முதியோர் விகிதம் மிகுந்த மாநிலம் கேரளம். முதுகு வலிக்கு மருந்து தடவிக்கொண்டே பேரனை இடுப்பில் தூக்குகிறவர்கள் அங்கே ஏராளம். பாட்டி வீட்டில் வளர்கிற பிள்ளைக்குக் கதை கிடைக்கும், செல்லம் கிடைக்கும். அதெல்லாம் உண்மை. அந்தப் பாட்டிக்கு விடுப்பு மட்டும் எந்தச் சட்டத்திலும் இல்லை.

சரி, வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறாரே?

2024 ஜூனில் பள்ளி திறந்தபோது கேரளத்தின் புதிய மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அந்த ஆள் தென்பட்டார். சமையலறைப் படம். அம்மா அடுப்பு வேலையைப் பார்க்க, அப்பா தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிறார். இன்னொரு படத்தில் ஓர் அப்பா மகளுக்குத் தின்பண்டம் செய்து தருகிறார். பாடநூலைத் தயாரித்தது திருவனந்தபுரத்தில் இயங்கும் மாநிலக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் கழகம். படத்தைக் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி சமூக ஊடகத்தில் பகிர, நாடெங்கும் செய்தியானது. தேங்காய் இல்லாமல் கேரளத்தில் குழம்பு கிடையாது, தோரன் கிடையாது, புட்டு கிடையாது. துருவுமணை முன்னால் யார் உட்காருகிறார் என்பது சின்னக் கேள்வி இல்லை. அதற்கு மூன்றாண்டு முன்பு ‘த கிரேட் இந்தியன் கிச்சன்’ என்ற மலையாளப் படம் சமையலறையைக் காட்டியே ஊரைச் சண்டைக்கு இழுத்தது. பின்னர் தமிழிலும் அது ஐஸ்வர்யா ராஜேஷ் நடிப்பில் வந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் புத்தகமோ சண்டைக்குப் போகாமல், இது வழக்கம்தான் என்பதுபோலப் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. இரண்டில் கெட்டிக்காரத்தனம் புத்தகத்துக்குத்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

வழக்கம் உண்மையில் என்ன என்பதை ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. 2024-ல் ஊதியமில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 88 நிமிடம். இதுவும் வீட்டு வேலையில் கை வைத்தவர்களின் சராசரி. கை வைக்காத ஆண்கள் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. 15 முதல் 59 வயதுக்குள் இருப்பவர்களில், வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் இருந்த பெண்கள் 41 சதவீதம், ஆண்கள் 21.4 சதவீதம். அவர்கள் தந்த நேரம் 140 நிமிடமும் 74 நிமிடமும்.

ஆண்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. குழந்தை பிறந்த வீட்டில் அப்பா எத்தனை நாள் இருக்கலாம் என்று விதிப் புத்தகம் சொல்வதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஊழியரான தாய்க்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். கேரளத்தில் 180 நாள். அங்கே தந்தைக்குப் பத்து நாள். ஒன்றிய அரசு ஊழியரானால் பதினைந்து. பத்து நாளில் ஒரு மனிதர் பிறப்புச் சான்றிதழுக்கு அலைந்து, உறவினருக்கு இனிப்பு கொடுத்து முடிப்பார். இரவு இரண்டு மணிக்கு அழுவது பசிக்கா, வயிற்று வலிக்கா என்று கண்டுபிடிக்கும் பாடத்தை அதற்குள் கற்க முடியாது. அம்மாவுக்கு மட்டும் அது பிறவியிலேயே தெரியும் என்று வீடு முடிவுகட்டிவிடும்.

ஒன்றிய அரசுப் பணியில் பெண்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு என்று பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள் உண்டு. காய்ச்சல், தேர்வு, பள்ளி மாற்றம் என எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். 2018-ல் இது ஆண்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆனால் அந்த ஆண் மனைவியை இழந்தவராகவோ, மணமுறிவு பெற்றவராகவோ, மணமாகாதவராகவோ இருக்க வேண்டும். மனைவியோடு வாழ்கிற அப்பா விண்ணப்பித்தால் கிடைக்காது.