இருமுறை விசாரணைத் தடை

ஒரு குற்றத்துக்காக நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டுத் தண்டனையோ விடுதலையோ பெற்ற ஒருவரை, அதே குற்றத்துக்காக மீண்டும் விசாரிக்கக் கூடாது என்னும் சட்ட நெறி இருமுறை விசாரணைத் தடை எனப்படும். காவல்துறை, அரசு வழக்கறிஞர், பணம் ஆகிய மூன்றும் அரசின் பக்கம் உள்ளன. வெற்றி கிடைக்கும் வரை வழக்குத் தொடுத்துக்கொண்டே இருக்க அரசுக்கு இடமளித்தால், குற்றமற்றவரும் ஒருநாள் தோற்றுவிடக்கூடும்.

இந்தியச் சட்டத்தில்

அரசியலமைப்பின் 20(2) ஆம் பிரிவின்படி, ஒரே குற்றத்துக்காக எவர் மீதும் ஒருமுறைக்கு மேல் வழக்குத் தொடுத்துத் தண்டிக்கக் கூடாது. இப்பிரிவு தண்டனை பெற்றவரை மட்டுமே காக்கிறது. விடுதலை பெற்றவருக்கும் பாதுகாப்பு அளிப்பது குற்றவியல் நடைமுறைச் சட்டமாகும். 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 300 ஆம் பிரிவாக இருந்த இவ்விதி, 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 337 ஆம் பிரிவாக உள்ளது.

தடை பொருந்தாத இடங்கள்

- மேல்முறையீடு: இது முதல் வழக்கின் தொடர்ச்சியே, புதிய விசாரணை அன்று.
- விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கப்படுதல்: இது விடுதலைத் தீர்ப்பாகாது.
- பின்விளைவு: காயப்படுத்தியதற்காக ஒருவர் தண்டிக்கப்பட்ட பிறகு, காயமுற்றவர் அக்காயத்தால் இறந்தால், மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தனியே விசாரிக்கலாம்.
- துறை நடவடிக்கை: சுங்க அதிகாரிகள் தங்கத்தைப் பறிமுதல் செய்தது நீதிமன்றத் தண்டனை ஆகாது என்று மக்பூல் உசேன் வழக்கில் (1953) உச்ச நீதிமன்றம் கூறியது.

சாம்பசிவம் வழக்கு

இந்நெறியின் ஆழத்தைக் காட்டிய வழக்கு மலாயாவில் நடந்தது. 1948 இல் அங்கு அவசரநிலை அறிவிக்கப்பட்டிருந்தது. துப்பாக்கி வைத்திருந்தாலே மரண தண்டனை. அவ்வாண்டு ஜொகூரில் கைதான சாம்பசிவம் மீது, துப்பாக்கி வைத்திருந்தார், தோட்டாக்கள் வைத்திருந்தார் என இரு குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. தோட்டா வழக்கில் அவர் விடுதலையானார். துப்பாக்கிக் குற்றச்சாட்டை மட்டும் மீண்டும் விசாரிக்க நீதிபதி உத்தரவிட்டார்.

மறுவிசாரணையில் அரசுத் தரப்பு ஒரு வாக்குமூலத்தை முன்வைத்தது. துப்பாக்கி, தோட்டா இரண்டையுமே வைத்திருந்ததாக அவர் ஒப்புக்கொண்டதாக அதில் இருந்தது. அதன் ஒரு பாதியை முந்தைய தீர்ப்பு பொய்யாக்கியிருந்தது. ஆயினும் தோட்டா வழக்கில் அவர் விடுதலையானது, நீதிபதியுடன் அமர்ந்து கருத்துரைக்கும் புதிய உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

இலண்டன் பிரிவி கவுன்சில் 1950 இல் அத்தண்டனையை நீக்கியது. விடுதலைத் தீர்ப்பின் பொருள், அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது என்பதோடு முடிவதில்லை. அதே தரப்பினருக்கு இடையிலான பிற்கால வழக்குகளிலும் அத்தீர்ப்பு அரசைக் கட்டுப்படுத்தும் என்று அது விளக்கியது.

தாக்கம்

இவ்விளக்கத்தை இந்திய உச்ச நீதிமன்றம் பிரீத்தம் சிங் வழக்கில் (1956) ஏற்றுக்கொண்டது. ஆயுதம் வைத்திருந்த வழக்கில் விடுதலையானவர் மீதான கொலை வழக்கில், அதே ஆயுதம் அவரிடம் இருந்தது என்பதை மீண்டும் சாட்சியமாகக் கொள்ள முடியாது என்றது. முன்வாசலில் மூடப்பட்ட குற்றச்சாட்டு, இதனால் கொல்லைப்புற வழியாகவும் நுழைய முடியாது.