செங்காங்கிலிருந்து ஆன்ஃபீல்டுக்கு

2011 அக்டோபரில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு திடலில் நார்விச் சிட்டியின் மாற்று ஆட்டக்காரர் ஒருவர் இறங்கினார். சற்று நேரத்தில் கோல்காப்பாளர் பெப்பே ரெய்னாவை முந்திக்கொண்டு பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். ஆட்டம் 1-1. நம் வட்டாரத்தில் கண்விழித்துப் பார்த்த லிவர்பூல் ரசிகர்கள் அன்று நொந்துகொண்டிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்த கிராண்ட் ஹோல்ட் ஒருகாலத்தில் சிங்கப்பூரின் செங்காங் மரின் குழுவுக்கு ஆடியவர் என்று?

ஹோல்ட் 1981இல் இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள கார்லைலில் பிறந்தவர். நான்காம் நிலை லீக்கில் இருந்த ஹேலிஃபேக்ஸ் டவுனில் அவருக்கு இடம் நிலைக்கவில்லை. 20 வயதை ஒட்டிய அந்த நாள்களில்தான் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா எனச் சுற்றினார். பிறகு நாடு திரும்பி, லீக்கிற்கு வெளியே இருந்த பாரோ குழுவில் சேர்ந்தார். அங்கு கிடைத்த காசு போதாது. டயர் வேலையும் பார்த்தார்.

ஷெஃபீல்டு வென்ஸ்டே 2003இல் அவரை எடுத்தது. ஓராண்டுகூட நீடிக்கவில்லை. அடுத்து ரோச்டேல். அங்கே 2005இல் அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தார் ரிக்கி லாம்பர்ட். லிவர்பூல் 15 வயதில் கழற்றிவிட்ட பையன். ஒருசமயம் பீட்ரூட் ஆலையில் புட்டிகளுக்கு மூடி போட்டவர். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட இருவர் கடைநிலை லீக்கில் ஒன்றாகக் கோல் போட்டார்கள்.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் ஹோல்ட்டைப் பல ஆட்டங்களில் பக்கவாட்டில் நிறுத்தினார்கள். நல்ல தாக்குதல் ஆட்டக்காரரை வீணடிக்க அதைவிட எளிய வழி இல்லை. 2008இல் மீண்டும் நான்காம் நிலைக்கு இறங்கி ஷ்ரூஸ்பரிக்குப் போனார். ஒரே பருவத்தில் 20 லீக் கோல்கள்.

2009இல் மூன்றாம் நிலையில் இருந்த நார்விச் அவரை வாங்கியது. முதல் ஆட்டத்திலேயே சொந்தத் திடலில் கோல்செஸ்டரிடம் 1-7 எனத் தோல்வி! சில நாள்களில் அந்தக் கோல்செஸ்டரின் நிர்வாகி பால் லாம்பர்ட்டையே நார்விச் அழைத்துக்கொண்டது. (ரிக்கிக்கும் இவருக்கும் உறவில்லை.) அந்தப் பருவத்தில் ஹோல்ட் 24 லீக் கோல்கள், அடுத்ததில் 21. இரண்டே ஆண்டில் நார்விச் பிரிமியர் லீக்கில்! ஹோல்ட்டுக்கு அப்போது வயது 30.

"இந்த உயரத்தில் தாக்குப்பிடிப்பாரா?" என்ற சந்தேகத்துக்கு 15 கோல்களில் பதில் சொன்னார். அந்தப் பருவத்தில் அவரைவிட அதிகம் போட்ட ஒரே ஆங்கிலேயர் வெய்ன் ரூனி.

ஆனாலும் 2012 யூரோ கிண்ணத்துக்கான இங்கிலாந்துக் குழுவில் அவர் பெயர் இல்லை. லீக்கில் வெறும் 4 கோல் போட்டிருந்த ஆண்டி கேரல் சென்றார். கேரல் அங்கே சுவீடனுக்கு எதிராக அருமையான தலையடி கோல் போட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இருந்தாலும், கேரலுக்கு லிவர்பூல் 35 மில்லியன் பவுண்டு கொடுத்திருந்தது. ஹோல்ட் கீழிருந்து வந்தவர். தேர்வாளர்களின் கண் விலைச்சீட்டைப் பார்க்கவில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

மறு ஆண்டு ஆகஸ்டில் வெம்பிளியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக ரிக்கி லாம்பர்ட் முதன்முறையாக இங்கிலாந்துச் சட்டை அணிந்தார். 31 வயது. முதல் தொடுதலே கோல். இங்கிலாந்து 3-2 என வென்றது.

அவருடைய பழைய துணைக்கு அந்தச் சட்டை கடைசிவரை கிடைக்கவில்லை. ஹோல்ட் விகன், ஹடர்ஸ்ஃபீல்டு, ஹிபர்னியன் என இன்னும் பல ஊர்களுக்கு மூட்டை கட்டினார். இடையே மல்யுத்த மேடையிலும் ஏறினார். 2018இல் அவர் கடைசியாக ஆடிய குழு பாரோ. டயர் வேலை பார்த்துக்கொண்டே ஆடினாரே, அதே பாரோ.