கயிறும் கட்டளையும்

ஒருவன் கருவியொன்றை ஏவுதற்கு வழங்கும் சொல்லே கட்டளை எனப்படும். அச்சொல் ஒரு பொருளையே உணர்த்துதல் வேண்டும். இன்றேல், ஏவியவன் ஒன்றை எண்ண, கருவி பிறிதொன்றைச் செய்து முடித்துவிடும். இவ்வுண்மையை மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோர் நெடுங்காலத்துக்கு முன்னரே தம் தொழிலால் உணர்ந்திருந்தனர்.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு நேரே கடலுள் அமைந்த சிப்பித் திட்டுகள் 'பார்' என வழங்கப்பெறும். அங்கு நிகழ்ந்த சலாபங்களில் குளிப்பவன் ஒருவனுக்குக் கயிறுகள் இரண்டு இருந்தன. ஒன்று அவனை விரைந்து அடியிற் சேர்க்கும் கல்லைப் பிணித்த கயிறு. மற்றையது சிப்பி சேர்க்கும் பைக்கு உரியது. அடியை அடைந்ததும் அவன் காலைக் கல்லினின்று விடுவிப்பான்; தோணியில் நிற்பவன் கல்லை மேலே இழுத்துக்கொள்வான். பின்னர்ப் பைக் கயிறு அசைந்தால், 'என்னைத் தூக்குக' என்பதே அதன் பொருள். மூச்சடக்கி நிற்கும் காலம் ஏறக்குறைய ஒரு நிமிடமே. அந்நிலையில், 'நீ கருதியது யாது?' என்று வினவுதற்கும் விளக்குதற்கும் இடமில்லை. எனவேதான் தொழில் இரண்டுக்குக் கயிறும் இரண்டாயின.

இக்காலத்துக் கணினித் துறையில் இவ்வறிவு எத்துணைக் காலம் தாழ்த்து வந்தது என்பதற்குப் பதிப்புக் காப்புக் கருவிகளின் வரலாறு ஒரு சான்றாகும். ஒரு நூல் பலகாலும் திருத்தப்படுமிடத்து, எவர், எப்பொழுது, எதனை மாற்றினர் என்பதைப் பேணிவைத்து, வேண்டிய பொழுது பழைய வடிவத்தை மீட்டுத் தருவது இக்கருவியின் பணி. 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களை ஆராய்ந்த உழைப்பை அறிந்தோர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். மென்பொருள் எழுதுவோருக்காக இத்தகைய கருவியொன்று 1972 இல் பெல் ஆய்வுகூடத்தில் மாக் றொச்கைன்ட் என்பவரால் ஆக்கப்பட்டது. பின்னர் வந்தவற்றுள் இன்று மிகப் பரவியிருப்பது 'கிற்' என்பதாகும். இதனை லீனஸ் ரோவால்ட்ஸ் 2005 ஏப்ரலில், லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் தேவை கருதித் தொடங்கினார். அவ்வாண்டு யூலை முதல் ஜூனியோ ஹமானோ என்பவர் அதனைப் பேணிவருகின்றார்.

கிற் கருவியில் 'செக்கவுற்' என ஒரு கட்டளை உண்டு. நூலகத்தில் நூலொன்றைப் பதிந்து எடுத்துச் செல்லுதலைக் குறிக்கும் சொல் அது. முந்திய கருவிகளில் அப்பொருள் ஓரளவு பொருந்திற்று; களஞ்சியத்திலிருந்து கோப்பை எடுத்துக்கொள்ளுதலையே அஃது உணர்த்தியது. கிற்றிலோ அச்சொல் வெவ்வேறான இரண்டு தொழில்களை ஏற்றுக்கொண்டது. ஒன்று, திருத்த வரலாற்றின் ஒரு கிளையினின்று மற்றொரு கிளைக்கு மாறுதல். மற்றொன்று, ஒரு கோப்பில் செய்த மாற்றங்களை நீக்கி, அதனைப் பழைய நிலைக்கு மீட்டல்.

இவ்விரண்டும் காப்புமுறையிலும் வேறுபட்டவை என்பது ஈண்டு நோக்கற்பாலது. கிளை மாறும்போது, பதியப்படாத திருத்தங்கள் அழிய நேரிடுமாயின் கருவி மாற மறுத்து எச்சரிக்கும். கோப்பை மீட்கும்போதோ, அத்திருத்தங்களை நீக்குமாறு பயனரே பணித்தார் எனக் கொண்டு, வினவாமலே அவற்றை அழித்துவிடும். ஒரே சொல் ஓரிடத்துக் காவலனாகவும் மற்றோரிடத்து அழிப்பவனாகவும் நிற்கின்றது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மன்னார்க் கரையில் வழங்கும் மீன்பெயர்களைத் தொகுக்கும் மாணவன் ஒருவனைக் கொள்வோம். 'மீன்' என்னும் கோப்புறையில் மூன்று நாள் உழைத்துத் திருத்தங்கள் பல செய்திருக்கின்றான். எதனையும் இன்னும் பதியவில்லை. 'மீன்' என்னும் பெயரில் ஒரு கிளையும் உண்டு என மயங்கி, அதற்கு மாறக் கருதிச் 'செக்கவுற் மீன்' எனப் பணிக்கின்றான். அப்பெயரிற் கிளை இல்லை, கோப்புறையே உண்டு. கருவி அதனை மீட்பதாகக் கொள்ள, மூன்று நாள் உழைப்பும் நொடியில் மறைகின்றது. பதியப்படாதது களஞ்சியத்தில் இன்மையால், அங்குச் சென்று தேடியும் பயனில்லை. மாணவன் சொன்னது பிழையன்று, சொல்லே இருபொருட்டாயிற்று.

இக்குறையை நீக்குதற்கு 2019 ஓகஸ்ற்றில் வெளிவந்த கிற் 2.23 ஆம் பதிப்பில் புதிய கட்டளைகள் இரண்டு சேர்க்கப்பட்டன. கிளை மாறுதற்குச் 'சுவிற்ச்' எனவும், கோப்பு மீட்டற்கு 'றிஸ்ரோர்' எனவும் பெயரிட்டனர். மேற்கூறிய மாணவன் 'சுவிற்ச் மீன்' எனப் பணித்திருப்பின், அத்தகைய கிளை இல்லை என்ற விடையே கிடைத்திருக்கும், உழைப்பு எஞ்சியிருக்கும். அன்றியும், கிளையெதனையும் சாராது பழைய பதிவொன்றிற் சென்று நிற்க விரும்புவோர் அதனை வெளிப்படையாகக் கூறுமாறும் 'சுவிற்ச்' வேண்டுகின்றது.

அங்ஙனமாயின் பழைய கட்டளையை ஏன் அறவே நீக்கவில்லை என ஒருவர் வினவலாம். நெடுநாள் வழங்கும் கருவியின் சொற்கள் ஆக்கியோனுக்கு மட்டும் உரியனவல்ல. அவை எண்ணிறந்தோரின் விரற்பழக்கத்திலும், பாடநூல்களிலும், தாமே இயங்கும் கட்டளைத் தொடர்களிலும் வேரூன்றியவை. 2008 இல் வந்த 1.6.0 ஆம் பதிப்பில், 'கிற்' என்பதுடன் சிறு கோட்டால் இணைத்தெழுதும் பழைய கட்டளை வடிவங்களை வழக்கமான இடத்தினின்று அகற்றினர். அது பலரின் முறைப்பாட்டுக்கு இடமாயிற்று. 2014 இல் வந்த 2.0 ஆம் பதிப்பிலோ, திருத்தங்களைப் பிறிதொரு களஞ்சியத்துக்கு அனுப்பும் கட்டளையின் இயல்பான நடத்தையை மாற்றுமுன், முந்திய பதிப்புகளிலேயே எச்சரிக்கை காட்டிப் பயனரை ஆயத்தம் செய்தனர். அந்நெறியையே செக்கவுற் பொருட்டும் மேற்கொண்டனர். பழையது நிற்கின்றது, புதியது அதன் அருகே வைக்கப்பட்டது. முதலில் சோதனை நிலையின என அறிவிக்கப்பட்ட அவ்விரு கட்டளைகளும், 2025 இல் வந்த 2.51 ஆம் பதிப்பில் அந்நிலை நீங்கி உறுதிபெற்றன.

இவ்வரலாற்றினின்று மூன்று நெறிகள் பெறப்படும். ஒரு சொல்லுக்கு ஒரு தொழிலே அமைதல் வேண்டும் என்பது முதலாவது. அழிக்கும் தொழில் காக்கும் தொழிலின் பெயரில் மறைந்திருத்தல் ஆகாது என்பது இரண்டாவது. பிழையைத் திருத்துங்கால் அப்பிழையோடு வாழப் பழகியோரையும் கைவிடலாகாது என்பது மூன்றாவது. முதலிரண்டும் அறிவின்பாற்படுவன, மூன்றாவது பொறுமையின்பாற்படுவது. கருவி ஆக்குவோருக்கு அரிதாய் வாய்ப்பதும் அதுவே.

மன்னார்ப் பார்களில் இன்று சலாபம் இல்லை. குளித்தோரும் கயிறு பிடித்தோரும் மறைந்தனர். எனினும் கயிறு ஒவ்வொன்றுக்கும் தொழில் ஒன்றே என அவர்கள் வகுத்த முறை மறையவில்லை. நாளை நம் மாணவருள் எவரேனும் ஒரு கருவியை ஆக்க முற்படின், அதன் மறுமுனையில் மூச்சடக்கி நிற்பான் ஒருவன் உளன் என்பதை நினைவிற்கொண்டே அதன் சொற்களைத் தெரிவாராக.