பாட்டரி அடிக்கடி இறங்குகிறதா?

மதுராந்தகம், செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து கோயம்பேடு மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் வண்டிகள், இரும்புலியூர் அருகே ஜி.எஸ்.டி. சாலையை விட்டுப் புறவழிச் சாலையில் திரும்புகின்றன. விடியுமுன் மார்க்கெட் சேர வேண்டிய வண்டி, நள்ளிரவில் களத்து மேட்டிலேயே ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டால் பறித்த கீரையும் கத்தரியும் வாடும். அன்றைய விலையும் போய்விடும். இரண்டு முறை இப்படி நடந்ததும் பலர் புதுப் பாட்டரி வாங்கிவிடுகிறார்கள். சில ஆயிரம் கொடுத்து வாங்கிய அதுவும் ஒரு மாதத்தில் இறங்கிப் போனால், கோளாறு முதலிலிருந்தே வேறு இடத்தில் இருந்தது என்று பொருள்.

பாட்டரி கிணறு அல்ல, தொட்டி. அதில் மின்சாரம் ஊறுவதில்லை. என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் ஊற்றுவதுதான் இருக்கும். ஆகவே வரத்துக் குறைவா, எங்காவது ஒழுகலா, தொட்டியே பழுதா என்று பார்த்த பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் டெர்மினல்களைப் பார்க்கவும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பாட்டரி நிறைந்திருந்தாலும் செல்ப் மோட்டாருக்கு மின்சாரம் போய்ச் சேராது. வயரைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, துடைத்து இறுக்கி, மேலே வாஸ்லைன் தடவினால் போதும். சோடா நீர் பாட்டரிக்குள் போகக் கூடாது. எர்த் வயர் சேசிஸில் சேரும் இடத்திலும் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து வோல்ட் மீட்டர். மோட்டார் ரிப்பேர் செய்பவர் எவரிடமும் இது இருக்கும். இரவு முழுதும் சும்மா நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பாட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி. பிறகு என்ஜினை ஓடவிட்டு அளந்தால் 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் வரத்து இல்லை. பேன் பெல்ட் தளர்ந்திருப்பதே இதற்கு எளிய காரணம். பெல்ட் சரியாக இருந்தால் ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் காட்டலாம். 15-ஐத் தாண்டினாலும் நல்லதல்ல; பாட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றிப்போகும்.

மீட்டர் எல்லாம் சரியென்று சொல்லியும் பாட்டரி இறங்குவதுண்டு. ஊருக்குள் ஒரு மைல் ஓடி நிற்கும் வண்டி, ஸ்டார்ட் செய்ய இழுத்த மின்சாரத்தைத் திரும்பப் பெறுமுன்னே அணைக்கப்படுகிறது. இரும்புலியூர் நெரிசலில் என்ஜினை மெதுவாக ஓடவிட்டு நிற்கும்போதும் இதே கதைதான். 55 வாட் ஹெட்லைட் இரண்டு மட்டுமே 9 ஆம்பியர் இழுக்கும்; மெதுவாகச் சுற்றும் ஆல்டர்னேட்டர் அவ்வளவும் கொடுக்காமல் போகலாம். அத்தகைய வண்டிக்கு வாரம் ஒரு முறையாவது நீண்ட ஓட்டம் வேண்டும்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க ஒரு சிறிய 12 வோல்ட் பல்பு போதும். சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, பாட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் டெர்மினலுக்கும் இடையே பல்பை இணைக்க வேண்டும். பல்பு எரிந்தால் எங்கோ மின்சாரம் போகிறது. ப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வந்தால், எதை எடுக்கும்போது பல்பு அணைகிறதோ அந்த வயரில்தான் ஒழுகல். பிற்பாடு பொருத்திய பாட்டுப் பெட்டி, கூடுதல் ஹாரன், செல்போன் சார்ஜர் ஆகியவற்றின் மேல் முதலில் சந்தேகப்படுவது நல்லது. அணைய மறந்த 5 வாட் பல்பு ஒன்று நாளொன்றுக்கு 10 ஆம்பியர் மணி குடிக்கும். 75 ஆம்பியர் மணிப் பாட்டரி ஒரு வாரத்தில் காலியாகிவிடும்!

தொட்டியே பழுதா என்பதை ஹைட்ரோமீட்டர் காட்டும். மூடி திறக்கக்கூடிய பாட்டரியை முழுவதும் சார்ஜ் போட்டபின், ஆறு அறைகளின் ஆசிட்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். எல்லாம் 1240-ஐ ஒட்டி இருக்க, ஒன்று மட்டும் 50 புள்ளி தாழ்ந்திருந்தால் அந்த அறை போய்விட்டது. அப்போதுதான் புதிது வாங்க வேண்டும். இறங்கிய பாட்டரியை வாரக்கணக்கில் அப்படியே போட்டு வைப்பதும் அதைக் கொல்லும்; தகடுகளில் படியும் ஈய சல்பேட் இறுகிவிட்டால் பிறகு சார்ஜ் ஏறாது.

தண்ணீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். போர்வெல் நீரிலுள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். ஆசிட்டும் ஊற்றக் கூடாது, வற்றுவது நீர்தான்.

சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக் கூடியது. பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. கழற்றும்போது நெகடிவ் வயரை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் தொடுவது பாதுகாப்பு. இல்லையேல் ஸ்பானர் சேசிஸில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

உழவு முடிந்து டிராக்டர் மாதக்கணக்கில் நிற்குமானால் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டு, மாதம் ஒரு முறை பாட்டரியைச் சார்ஜ் கடைக்கு அனுப்பலாம். பழையதைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். அதை உடைத்து ஆசிட்டைக் கிணற்றோரம் கொட்ட வேண்டாம். ஈயம் அந்த மண்ணிலேயே தங்கிவிடும்.