எச்-இண்டெக்ஸ் எப்படி இயங்குகிறது?

ஓர் ஆராய்ச்சியாளர் எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கும் கணக்கு எச்-இண்டெக்ஸ். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் இதை முன்வைத்தார். சமையற்கட்டில் வைத்துப் பார்த்தால் சுலபமாகப் பிடிபடும்.

கட்டுரை என்பது சமையல் குறிப்பு. இன்னொரு சமையல்காரர் அதை எடுத்தாண்டு, "இது இன்னாருடைய பக்குவம்" என்று பெயர் சொன்னால் அது மேற்கோள்.

கணக்கைப் போடுவோம்

ஒருவர் ஆறு குறிப்புகள் எழுதியிருக்கிறார். பிறர் எடுத்தாண்ட எண்ணிக்கை: சாம்பார் 40, வற்றல்குழம்பு 12, அவியல் 7, கூட்டு 4, துவையல் 2, பச்சடி 1. அதிகம் எடுத்தாளப்பட்டதிலிருந்து வரிசைப்படுத்தி, ஒவ்வொரு குறிப்புக்கும் குறைந்தது அதன் இட எண் அளவு மேற்கோள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்காவது இடத்திலுள்ள கூட்டுக்குக் குறைந்தது 4 வேண்டும், இருக்கிறது. ஐந்தாவதான துவையலுக்கு 5 வேண்டும், இருப்பதோ 2. அங்கேயே நிறுத்த வேண்டியதுதான். இவருடைய எச்-இண்டெக்ஸ் 4.

சாம்பாரை நாளை 4,000 பேர் எடுத்தாண்டாலும் எண் 4தான். ஐம்பது குறிப்பு எழுதி, ஒவ்வொன்றையும் ஒரே ஒருவர் எடுத்தாண்டால் எண் 1. எழுதிக் குவிப்பதற்கும் மதிப்பில்லை, ஒற்றைப் புகழுக்கும் மதிப்பில்லை.

எங்கே இடிக்கிறது?

தன் குறிப்பில் தன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லி எண்ணை ஏற்றலாம். மருத்துவ ஆராய்ச்சி ஏராளமான சமையல்காரர்கள் புழங்கும் கூடம். கணிதத்தில் ஆட்கள் குறைவு, அதனால் மேற்கோள்களும் குறைவு. இரண்டு துறை எண்களையும் அருகருகே வைப்பதே தவறு. போதாததற்கு, ஏறிய எண் இறங்குவதில்லை. பல ஆண்டு அடுப்படியில் நின்றவருக்கே அது சாதகம்.

புரத அளவைக் கண்டறிய ஆலிவர் லௌரி குழுவினர் 1951இல் எழுதிய கட்டுரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை மேற்கோள் காட்டப்பட்டது. எல்லாருக்கும் தினமும் தேவைப்பட்ட செய்முறை அது. அத்தனை மேற்கோளும் எச்-இண்டெக்ஸில் ஒரே ஒரு கட்டுரையாகத்தான் சேரும். 2013இல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் ஹிக்ஸ், 1964க்குப் பிறகு எழுதிய கட்டுரைகள் வெகு சில. இன்றைய நிலையில் தனக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைத்திருக்காது என்று அவரே சொன்னார். தன் அளவுகோல் மோசமாகத் தவறிப்போகவும் கூடும் என்று 2020இல் ஹிர்ஷே எழுதிவிட்டார்.

எத்தனை பேர் எடுத்தாண்டார்கள் என்பதை இந்த எண் சொல்லும், ருசியைச் சொல்லாது. நியமனக் குழுவில் உட்காருபவர்கள் விண்ணப்பதாரரின் இரண்டு கட்டுரைகளையாவது படித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.